பத்தடி வெளிச்சம்

3 ஜூலை 1935, புதன்

முழங்காலில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். நொச்சிக்குப்பத்து மணலில் இருட்டில் கிடந்த நங்கூரக் கயிறு காலை வாரிவிட்டது. மாதர் சங்கம் என் வகுப்புக்குக் கொடுத்த ஆறு சிலேட்டில் ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது. ஏற்கெனவே மூன்று பேருக்கு ஒரு சிலேட்டு. இனி நாலு பேருக்கு ஒன்று.

இலையில் உட்கார்ந்ததுமே சங்கரன் ஆரம்பித்தான்.

“அக்கா, போறும். விளக்கு வைக்கறதுக்குள்ள ஆத்துக்கு வர முடியும்னா போயிட்டு வா. இல்லேன்னா அந்தக் கிளாஸை விட்டுடு. நோக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலு பேர் என்னைத்தான் கேப்பா.”

தம்பி கெட்டவனில்லை. என் வீட்டுக்காரர் போனபின் பன்னிரண்டு வருஷமாக அவன் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். ஒரு நாள் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் குப்பத்துப் பெண்கள் மீன் விற்றுக் கூடையை இறக்கிவிட்டு வரவே ஆறு மணியாகிறது. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புவதென்றால் நான் யாருக்குப் பாடம் சொல்வது? கடலுக்கா?

மாதர் சங்கம் மாதம் பத்து ரூபாய் தருகிறது. அது இருக்கட்டும். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக, விசாலாக்ஷி எப்போது வருவாள் என்று பதினாறு பேர் ஓரிடத்தில் காத்திருக்கிறார்கள். வீட்டில் நான் இல்லாவிட்டால் ஓர் இலை குறையும், அவ்வளவுதான். இந்த வகுப்பை நான் விடுவதாக இல்லை.

வெளிச்சம்தானே குறை? டார்ச் லைட் வாங்கிவிடுகிறேன்.

6 ஜூலை, சனி

ராயப்பேட்டையில் மெஹபூப் அலியின் சைக்கிள் கடை. டார்ச்சும் விற்கிறார் என்று நீரஜாதான் சொன்னாள். என் தம்பி பெண்டாட்டிக்கு எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம்.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொன்னேன். பைக்குள் அடங்க வேண்டும். போலீஸ்காரன் தடி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் கச்சேரி ரோடில் நடந்தால் ஊர் சிரிக்கும். விலை என் சம்பளத்துக்குள் இருக்க வேண்டும். காலடியில் பாய் விரித்தாற்போல் விழுகிற வெளிச்சம் உதவாது. எதிரே வருவது மாடா மனிதனா என்று நான் அங்கே போகும் முன்பே தெரிய வேண்டும்.

“அப்போ ரெண்டே மால்தாம்மா,” என்றார். “இது ஜப்பான். கைக்கு அடக்கம், வெலயும் அடக்கம். இது ஜெர்மன். தூரமா அடிக்கும், வெலயும் தூக்கி அடிக்கும்.”

கடைக்குப் பின்னால் டயர் அடுக்கிய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி இரண்டையும் சுவரில் அடித்துக் காட்டினார். ஜப்பானின் நடுவட்டம் பளிச்சென்று இருந்தது. நூறு கஜம் போகும் என்று சத்தியம் செய்தார். தகர உடம்பு, இரண்டு பாட்டரிக் கட்டை, வாயில் தடித்த கண்ணாடி. பேரம் பேசி ஒன்றேகால் ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பையில் வைத்தால் இருக்கிற இடமே தெரியவில்லை. வழியெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், புது வளையல் போட்ட பெண் மாதிரி.

8 ஜூலை, திங்கள்

நூறு கஜமாம்! பத்தடி போகிறது. அதற்கு அப்பால் மை.

13 ஜூலை, சனி

கடைக்குப் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். பாவம் அந்த மனிதர், குரலை உயர்த்தவேயில்லை. கட்டையை மாற்றினார், பல்பை மாற்றினார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அதை வாங்கிக்கொண்டு, தலையைத் திருகினால் வெளிச்சம் குறுகி நீளுகிற இன்னொன்றைக் கொடுத்தார். மேலே எட்டணா. அறைக்குள் அடித்துப் பார்த்தபோது இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு பர்லாங்கு மணல்தான் வழி. அதைத் தாண்டினால் சாந்தோம் ரோடில் விளக்குகள் உண்டு. அந்த ஒரு பர்லாங்கைக் கடக்க இத்தனை பாடு.

22 ஜூலை, திங்கள்

இதுவும் பத்தடிதான். ஜப்பான்காரனும் மெஹபூப் அலியும் சேர்ந்து சதி செய்கிறார்கள்.

தினமும் வானம் வேறு ஒரே மூட்டம். ஒரு நட்சத்திரம் இல்லை. மழையும் வரக் காணோம்.

5 ஆகஸ்ட், திங்கள்

சங்கக் காரியதரிசி அம்மாளிடமிருந்து கடிதம். வருகைப் பதிவு குறைந்துகொண்டே வருகிறதாம். ஜூனில் பதினைந்து, ஜூலையில் பன்னிரண்டு, இப்போது பத்து. அக்டோபருக்குள் தினசரி பன்னிரண்டு பேராவது வராவிட்டால் வகுப்பை மூடிவிட்டுப் பணத்தை வேறு இடத்துக்குத் திருப்புவார்களாம்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பதிவு எழுதி அனுப்பியவள் நான். பெயர் கூப்பிட்டால் ஒவ்வொருத்தியும் அன்றைக்கு என்ன மீன் என்ன விலைக்குப் போயிற்று என்பதுவரை சொல்லித்தான் உட்காருவாள். அதனால் பாடம் நடக்கும்போதே முகம் பார்த்துக் குறித்துக்கொள்வேன். பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்ததிலிருந்து ஆள் குறைகிறது. வேலம்மா வருவதே இல்லை. சேரும்போது என்ன ஆசையாகச் சேர்ந்தாள்! கோபம் கோபமாக வருகிறது.

17 ஆகஸ்ட், சனி

மூன்றாவது தடவை. இந்த முறை மெஹபூப் அலி பழையதை வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஜெர்மன் டார்ச்சையே எடுத்துக் கையில் கொடுத்தார். “இத எடுத்துக்கினு போங்கம்மா. ஒரு மாசம் வச்சிருந்து பாருங்க, புடிச்சா காசு குடுங்க. இதுவும் பத்தடின்னா, அப்பறம் ஐகோர்ட்டு மேல சுத்துதே, கலங்கரை வெளக்கம், அத்தத்தான் வெலக்கிக் கேக்கணும்.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கோபமாக வந்தவள் சிரித்துக்கொண்டு திரும்பினால் என்ன மரியாதை?

29 ஆகஸ்ட், வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கெங்கம்மா துணைக்கு என்னை ரோடுவரை கொண்டுவிட வந்தாள். என் மாணவிகளில் அவள்தான் மூத்தவள், வாயும் மூத்த வாய். ஜெர்மன் டார்ச்சும் மோசம் என்று நான் புலம்பிக்கொண்டே நடந்தேன்.

“இத்த எங்கிட்ட குடு டீச்சரம்மா,” என்று பிடுங்கிக் கடற்கரைப் பக்கம் அடித்தாள். “தோ பாரு. கடசிக் கட்டுமரத்தாண்ட ஒரு நாயி படுத்துக்கினு கீது. ஒரு காது மட்டும் வெள்ள.”

“எங்கே?”

“அய்ய, தோ தூங்கிக்கினு கீதே!”

எனக்கு நாயும் தெரியவில்லை, கட்டுமரமும் தெரியவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, “சரி, எங்கை எங்க கீது சொல்லு,” என்றாள். சொல்லத் தெரியவில்லை. கை என் மூக்குக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். “லைட்டு மேல தப்பில்ல டீச்சரம்மா. உனக்கு மாலைக்கண்ணு. எங்க சின்ன மாமியாருக்கும் இப்டித்தான் இருந்திச்சி. பொயுது சாஞ்சா கோயி மாரி ஒரு மூலைல குந்திக்கும்.”

நான் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடென்று நடந்தேன். நான் என்ன கோழியா? நன்றாகத்தான் பார்க்கிறேன். பகலில் ஊசியில் நூல் கோப்பது இந்த வீட்டில் யார்? நான்தானே?

படுத்த பிறகுதான் தோன்றியது. இரண்டு மாதமாக வானத்தில் நட்சத்திரம் இல்லாமல் இருக்குமா? நான் ஏன் அதை யோசிக்கவே இல்லை?

2 செப்டம்பர், திங்கள்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. லேடி டாக்டர் கண்ணைப் பார்த்ததைவிட என் சாப்பாட்டைத்தான் அதிகம் விசாரித்தார். பால்? போன வருஷம் கயையிலிருந்து கொண்டுவந்த பேதிக்குப் பிறகு ஒத்துக்கொள்வதில்லை. நெய்? அதுவும்தான். கீரை? விட்டுவிட்டேன். பறங்கிக்காய்? விட்டுவிட்டேன். மாம்பழம்? அதையும் விட்டுவிட்டேன்.

“ஏம்மா, தேடிப் பிடிச்சு விட்டீங்களா?” என்றார். கண்ணுக்கு வேண்டிய சத்து முழுவதும் அவற்றில்தான் இருக்கிறதாம்.

தேடிப் பிடித்துத்தான் விட்டேன். காசி யாத்திரை போகிறவர்கள் கயையில் ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலையை ஆயுசுக்கும் விட வேண்டும். சங்கரன் கொத்தவரங்காய், விளாம்பழம், அத்தி இலை என்றான். ஜன்மத்தில் அவன் தொடாதவை. பகவானை ஏமாற்றாதே என்று அங்கேயே அவனைக் கடிந்துகொண்டு, எனக்கு உயிரான பறங்கிக்காயையும் மாம்பழத்தையும் சொன்னேன். இலை என்றதும் ஒரு கீரை போதாதென்று எல்லாக் கீரையையும் விட்டேன். அத்தனை பேர் முன்னால் நான்தான் உசத்தி என்று பெருமை. தம்பி கண் பளிச்சென்று இருக்கிறது. என் கண்தான் போயிற்று.

“கீரை சாப்பிடுங்க. முடியாதுன்னா மீனெண்ணெய். அசட்டையா விட்டா பகல் பார்வையும் போயிடும்,” என்றார் டாக்டர்.

4 செப்டம்பர், புதன்

இரண்டு நாளாக மண்டை குடைகிறது. கயையில் கொடுத்த வாக்கா, என் கண்ணா? வகுப்பில் கெங்கம்மாவிடம் சொன்னேன்.

“சாமி உங்கீரய வாங்கிக்கினு இன்னா பண்ணப் போவுது? துன்னு டீச்சரம்மா!”

முடியாது என்றேன். வாக்கு வாக்குதான். வீம்பில் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

“அப்ப சொறா எண்ணதான்,” என்றாள், சிரித்துக்கொண்டே. நான் காதைப் பொத்திக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

ஆனால் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நான் விட்டது கீரை. சுறாவை விடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியம் வரும் என்று யார் கண்டது! மருந்து மருந்துதானே?

9 செப்டம்பர், திங்கள்

குடித்துவிட்டேன்.

கெங்கம்மா சுறா ஈரலைத் தன் கையால் காய்ச்சி வடிகட்டி, ஒரு சீசாவில் கொண்டுவந்தாள். வகுப்புக் கொட்டகையிலேயே, எல்லார் முன்னாலும். ஒருத்தி என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி முதுகைத் தடவினாள். “முயுங்கு! முயுங்கு!” என்று ஒரே ஆரவாரம். தொண்டையில் இறங்கும்போது என் குலம் கோத்திரம் முழுவதும் கூடவே இறங்கிப் போன மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர். அவர்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

சீசா அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தினமும் பாடத்துக்கு முன் ஒரு கரண்டி. காசு கொடுத்தேன், கெங்கம்மா கையை மடக்கிவிட்டாள். “நீ எங்களாண்ட பீசு வாங்கறியா?” என்றாள்.

14 செப்டம்பர், சனி

நீரஜா கண்டுபிடித்துவிட்டாள். கிணற்றடியில் பக்கத்தில் வந்து மோந்து பார்த்து, “அக்கா, என்னது இது?” என்றாள். பொய் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன். இனி சமையலறைப் பக்கம் வராதீங்கோ என்பாள் என்று நினைத்து நின்றேன். அவள் உள்ளே போய் நாலு ஏலக்காய் எடுத்துவந்து என் முந்தானையில் முடிந்தாள். “வர வழியிலேயே மென்னுண்டு வாங்கோ.”

சங்கரன் மத்தியானம், “ஆத்துல என்ன ஒரு வாசனை?” என்றான். “புது பினாயில்,” என்றாள் நீரஜா, முகத்தில் சலனமே இல்லாமல். எத்தனை வருஷமாக இவளை வாயாடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எனக்குப் பகலிலும் கண் தெரியவில்லை.

27 செப்டம்பர், வெள்ளி

அமாவாசை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இருக்கின்றன. எல்லாம் இருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

1 அக்டோபர், செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

கொட்டகையில் ஒரே ஹரிக்கேன் விளக்கு, கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும். அதற்கு முன்னால் இரண்டு வரிசை, அவர்களுக்குப் பின்னால் வலைகளைக் குவித்து வைத்திருப்பார்கள் என்பது என் நினைப்பு. இன்று ‘மரம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வலைக்குவியல் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

வலை இல்லை. வேலம்மா. அவளுக்குப் பக்கத்தில் தேசம்மா, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு. அந்தப் பக்கம் இன்னும் நாலு பேர். வராதவர்கள் என்று நான் எழுதிய அத்தனை பேரும்.

“வேலம்மா... நீ எத்தனை நாளா வரே?”

“இன்னா கேக்கற டீச்சரம்மா? நான் ஒரு நாளு நின்னதில்லியே.”

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்! வகுப்பிலே எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கற சத்தத்திலே இந்த ஆறு பேர் குரலும் இருந்திருக்கே, நான் ஏன் கேக்கலே? அவா இருட்டிலே உக்காந்து எழுத்து கத்துண்டிருக்கா, நான் வரலேன்னு எழுதி சங்கத்துக்கு அனுப்பிண்டிருக்கேன். வகுப்பை மூடப்போறது நானேதான்.

வேலம்மாவுக்கு மட்டும் முப்பத்தேழு நாள். இப்போதுதான் எண்ணினேன்.

2 அக்டோபர், புதன்

சொல்லிவிட்டேன். ஒவ்வொருத்தி பெயராகப் பதிவைப் படித்துக் காட்டினேன், வகுப்பை மூடுவோம் என்ற சங்கத்தின் கடிதத்தையும்.

மற்றவர்கள் ‘அச்சச்சோ’ என்றார்கள். வேலம்மா எழுந்து நின்றாள். “மயிலாப்பூர்ல மீன் வித்துட்டு ஓட்டமா ஓடியாறேன். ஊட்டுக்குக்கூடப் போவாம வரேன். நான் வரலன்னா எய்தினே?”

“கண் தெரியலை, வேலம்மா.”

“ஏன் பின்னாடி குந்தறோம்னு தெரியுமா உனக்கு? கூடை நாத்தம் உம்மேல அடிக்கக் கூடாதுன்னு. நீ ஐயரூட்டு அம்மா, கொமட்டும்னு.”

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெங்கம்மாகூட என்னைப் பார்க்கவில்லை.

3 அக்டோபர், வியாழன்

காரியதரிசி அம்மாளுக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். சங்கரன், “கண் தெரியலேன்னு எழுதினா உன் வேலைதான் முதல்ல போகும். தப்பா எழுதிட்டேன்னு மட்டும் சொல்லேன்,” என்றான்.

ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்பார்களே? முழுவதும் எழுதினேன். மாலைக்கண், கயை, சுறா எண்ணெய் உள்பட.

சங்கரன் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தான். சுறா எண்ணெய் வந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு மடித்து உறையில் போட்டு, “ஆபீஸ் போற வழியிலே நானே தபால்ல சேத்துடறேன், மழையிலே நீ அலையாதே,” என்றான். வாசல்வரை போய்த் திரும்பி, “பினாயில் நல்ல பினாயில்தான்,” என்று நீரஜாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

என் தம்பி.

9 அக்டோபர், புதன்

வேலம்மா வரவில்லை. இந்த முறை நிஜமாகவே வரவில்லை. அப்படிப் பதிவில் எழுதப் பேனா ஓடவில்லை.

கெங்கம்மா முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மாதர் சங்கத்துக்கு எழுதியது. இப்படி எழுதும்படி யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருத்தியும் தன் கையால் ஒரு வரி. ‘நான் வந்தேன். தேசம்மா.’ ‘நான் வந்தேன். கெங்கம்மா.’ கடைசி வரியில் எழுத்து பெரிது பெரிதாக, காகிதமே கிழிகிற மாதிரி அழுத்தி: ‘நான் தினம் வந்தேன். வேலம்மா.’

“ஊட்டுக்குப் போயி கேட்டேன். பேசல. எய்தி மட்டும் குடுத்துச்சி,” என்றாள் கெங்கம்மா.

12 அக்டோபர், சனி

மெஹபூப் அலியிடம் ஜெர்மன் டார்ச்சை, ஒரு மாசத் தவணை தாண்டி, திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மனிதர் சிரிப்பார் என்று பார்த்தால், “அல்லா கண்ணைத் திருப்பிக் குடுத்தானே, அது போதும்மா,” என்றார். என் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் வாங்கிய அந்தச் சின்ன ஜப்பானையே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் குப்பத்து மணலில் அடித்துப் பார்த்தேன். கடைசிக் கட்டுமரம், அதற்கு அப்பால் காய்கிற வலை, அதற்கும் அப்பால் அலை நுரைவரை போகிறது. ஒன்றேகால் ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

18 அக்டோபர், வெள்ளி

சங்கத்திலிருந்து பதில். காரியதரிசி அம்மாள் பெண்கள் எழுதிய காகிதத்தைக் கமிட்டியில் படித்தாராம். வகுப்பு நடக்கும். நானே நடத்தலாம். இனிப் பெயர் கூப்பிட்டுத்தான் பதிவு எடுக்க வேண்டும். ஆறு சிலேட்டும் இன்னொரு விளக்கும் வருகின்றன.

கடிதத்தைக் கொட்டகையில் படித்தேன். ஒரே கும்மாளம். வேலம்மா இல்லை என்பதால் எனக்குப் பாதி சந்தோஷம்தான். எண்ணெயைக் குடித்தேன். பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். மீன் விலை எல்லாம் கேட்டுக்கொண்டேன். வேலம்மா பெயர் வந்தது. வரவில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

“தோ, கீறேன்.”

வாசலில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள், ஓடிவந்த மூச்சு அடங்காமல். பின்னால் போகவில்லை. இரண்டு வரிசையையும் விலக்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால், விளக்கடியில், கூடையைப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் என்னை ஒருதரம் மோந்து பார்த்தாள்.

“எங்கூடையே தேவல,” என்றாள். “எய்து டீச்சரம்மா, வந்துட்டேன்னு.”

எழுதினேன்.